இருமத் தரவுப் பொதியல்
எண், பெயர் முதலியவற்றைக் குறித்த வரிசையில் பைட்டுகளாக அடுக்கி, அதே வரிசையில் பிரித்தெடுக்கும் முறை. பைத்தான் மொழியில் 'ஸ்ட்ரக்ட்' நூலகம் இதற்கானது. அடுக்குவதை நூலகம் பார்த்துக்கொள்ளும். அளவெடுப்பது நம் பாடு. ஈப்போவின் அஞ்சல் குறியீடு 30000. 65535 வரை கொள்ளும் இரண்டு பைட்டில் அது அடங்கும். ஜொகூர் பாருவின் 80000 அடங்காது; நூலகம் பிழை காட்டி நின்றுவிடும். பெயரில்தான் வம்பு. 'ஈப்போ' கண்ணுக்கு மூன்றெழுத்து. யுடிஎப்-8 முறையில் 5 குறிகள், 15 பைட்டு. 10 பைட்டு மட்டும் ஒதுக்கினால் நூலகம் சத்தமில்லாமல் வெட்டிவிடும்: 'ஈப்' மிஞ்ச, அடுத்த 'ப' ஒற்றைப் பைட்டோடு தொங்கும். யுடிஎப்-16 என்றால் பத்தே போதுமே எனலாம். போதும்தான், ஆனால் ரப்பர்த் தோட்ட வட்டாரமான 'சுங்கை சிப்புட்' அதிலும் 30 பைட்டு கேட்கும். ஆகவே நீளத்தை முதலில் எழுதி, பெயரைப் பின்னால் வைப்பதே சரி. நீளத்துக்கு 2 பைட்டு சேர்த்தால், யுடிஎப்-8-இல் ஈப்போவுக்கு மொத்தம் 17.