நாலடி தூரம்

2001, வைகாசி மாசம். பி.காம். இரண்டாம் வருடப் பரீட்சை எழுதிவிட்டு கீழப்பாவூரில் அத்தை வீட்டில் டேரா போட்டிருந்தேன். அத்தான் வீட்டு முன்னறையில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் ஸ்கேனர், இன்னொன்றில் பிரின்டர். நடுவே நாலடி தூரம்.

மறுநாள் காலை ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும். சொந்தபந்தம் அத்தனை பேரின் போட்டோவும் அதில் உண்டு. ஸ்கேன் செய்த பைல் 30 எம்.பி. பிளாப்பியோ 1.44 எம்.பி.தான் கொள்ளும். அந்த பைலை வின்ஜிப்பில் துண்டு போட்டு, 21 பிளாப்பிகளில் ஏற்றி, நாலடி நடந்துபோய் அடுத்த மெஷினில் இறக்கினோம். 17-வது பிளாப்பி படிக்க மாட்டேன் என்றது. மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை 9-வது.

ராத்திரி பதினோரு மணிக்கு அத்தான் வெறுத்துப்போய்க் கேட்டார்: "ஏ மாப்ளே, இத கையில தூக்கிட்டுப் போறத விட்டா வேற வழியே கிடையாதாடே?"

கேள்வி நியாயமானது. இதே எரிச்சல்தான் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் சரித்திரத்தையே ஆரம்பித்து வைத்தது.

கையால் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பதற்கு அமெரிக்கர்கள் 'ஸ்னீக்கர்நெட்' என்று கேலியாகப் பேர் வைத்தார்கள். ஸ்னீக்கர் என்றால் கேன்வாஸ் ஷூ. நம் ஊருக்கு செருப்புநெட் என்று வைத்துக்கொள்ளலாம்.

1973-ல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆல்ட்டோ என்ற கம்ப்யூட்டர் பிறந்திருந்தது. ஆளுக்கொரு மெஷின் வரப்போகிறது. புதிதாக ஒரு லேசர் பிரின்டரும் தயாராகிறது. அத்தனை மெஷினையும் அந்த ஒரே பிரின்டரோடு எப்படிக் கோர்ப்பது? பாப் மெட்காஃப் என்ற 27 வயது இளைஞர் மே 22-ம் தேதி ஒரு குறிப்பு எழுதினார். அதில்தான் 'ஈதர்நெட்' என்ற பெயர் வருகிறது. டேவிட் பாக்ஸ் என்பவரும் சேர்ந்துகொண்டார். கட்டடம் முழுக்க ஒரே கேபிள். பேச வேண்டிய மெஷின் முதலில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். யாரும் பேசவில்லையென்றால் பேசலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வாயைத் திறந்து மோதிக்கொண்டால், இருவரும் நிறுத்திவிட்டு, குத்துமதிப்பாக ஏதோ கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி முயல வேண்டும். இந்தப் பொறுத்துப் பேசும் வித்தையை ஹவாய் தீவுகளில் ரேடியோ மூலம் ஓடிய அலோஹா நெட்வொர்க்கிடமிருந்து மெட்காஃப் எடுத்துக்கொண்டார். வேகம்? வினாடிக்கு 2.94 மெகாபிட். அன்றைக்கு அது ராக்கெட்.

பைலை அனுப்ப கேபிள் மட்டும் போதாது. நான் என்ன தருகிறேன், நீ எப்படி வாங்கிக்கொள்வாய் என்று ஒரு பேச்சுவார்த்தை நடக்க வேண்டும். எஃப்.டி.பி. என்கிற அந்த நடைமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் நம்ம ஆள். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் பேட்ச் மாணவரான அபய் பூஷண்! பைல் இறக்குகிற பாதிப் பேருக்கு இந்தப் பெயர் தெரியாது.

இந்தியாவிலும் பிள்ளையார் சுழி இரண்டு கம்ப்யூட்டரில்தான் விழுந்தது. 1986-87 வாக்கில் பம்பாயில் என்.சி.எஸ்.டி. என்ற அரசு மென்பொருள் மையமும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டெலிபோன் லைன் வழியாக ஈ-மெயில் பரிமாறிக்கொண்டன. இரண்டும் ஒரே ஊர்! சென்னை ஐ.ஐ.டி. உள்பட மற்ற பெரிய நிறுவனங்கள் பின்னால் சேர, அது எர்நெட் என்ற வலையாக வளர்ந்தது. பொதுஜனத்துக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-ல்தான்.

சரி, கீழப்பாவூருக்கு வருவோம். பத்திரிகைக்காரரிடம் கெஞ்சி ஒருநாள் தவணை வாங்கினார் அத்தான். காலையில் தென்காசிக்குப் போய் இரண்டு நெட்வொர்க் கார்டும் ஒரு கேபிளும் வாங்கி வந்தோம். மாட்டினோம். ஒரு விளக்கும் எரியவில்லை.

காரணம் ரொம்ப எளிது. அந்தக் கேபிளுக்குள் எட்டு கம்பி. 1, 2-ம் கம்பிகள் கம்ப்யூட்டரின் வாய். 3, 6-ம் கம்பிகள் காது. நேர்க் கேபிளைப் போட்டால் வாயோடு வாய், காதோடு காது! நடுவில் 'ஹப்' என்ற பெட்டி இருந்தால் அது உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் தரகர் மாதிரி. தரகர் இல்லாமல் விவசாயியும் வியாபாரியும் நேரடியாகப் பேச வேண்டுமென்றால் கம்பியைக் குறுக்கே மாற்ற வேண்டும். அதுதான் கிராஸ் கேபிள். கடைக்காரர் 'எதுக்கு வாங்குறீங்க?' என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மறுபடி பஸ். கடையிலேயே ஒரு முனையை வெட்டி, ஆரஞ்சு இருந்த இடத்தில் பச்சை, பச்சை இருந்த இடத்தில் ஆரஞ்சு என்று மாற்றிக் கிரிம்ப் செய்து தந்தார்கள். சாயங்காலம் மாட்டி, ஒன்றுக்கு 192.168.0.1, இன்னொன்றுக்கு 192.168.0.2 என்று விலாசம் கொடுத்தோம். பச்சை விளக்கு எரிந்தது. 30 எம்.பி. பைல் பத்து வினாடிகூட எடுக்கவில்லை. மதினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுக்கா ரெண்டு நாளு?" என்றாள்.

இந்த நேர், குறுக்குக் குழப்பத்தை ஹியூலெட் பேக்கர்டு என்ஜினீயர்கள் இரண்டு பேர் தொண்ணூறுகளின் கடைசியில் ஒழித்துக்கட்டினார்கள். கார்டே வாயையும் காதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டே இருந்தால்? அதற்காகக் காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி ஒரு ஏற்பாடு. மெட்காஃபின் 'குத்துமதிப்பாகப் பொறு' வித்தைக்குத் தம்பி! 1999-ல் தரம் நிர்ணயிக்கப்பட்ட கிகாபிட் கேபிளில் நாலு ஜோடிக் கம்பியும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்கின்றன. தன் குரலைக் கழித்துவிட்டு எதிராளி குரலை மட்டும் எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம்.

இப்போது அதே முன்னறையில் அத்தான் மகன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். ஒரு கல்யாணத்துக்கு 500 ஜி.பி. வருகிறது. கிகாபிட்டில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தூக்கிப்போனால் ஏற்ற ஒரு தடவை, இறக்க ஒரு தடவை. போன வருஷம் டிஸ்க் கை தவறிக் கீழே விழுந்து, ஒரு வீட்டின் தாலி கட்டும் காட்சி போயே போய்விட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். பெண்ணின் அப்பா பணத்தை வாங்கவில்லை, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

அதன் பிறகுதான் 10 கிகாபிட்டுக்கு மாறினான். பெரிய டேட்டா சென்டர்கள் 25, 100 என்று தாவிவிட்டதால் பழைய 10 கிகாபிட் கார்டுகள் செகண்ட் ஹேண்டில் வந்துவிட்டன. இரண்டு கார்டு, இரண்டு மீட்டர் தடித்த செம்புக் கேபிள், நடுவில் தரகர் இல்லை. ஆனால் முதல் நாள் வேகம் ஏறவே இல்லை. சுழலும் ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 180 எம்.பி.க்கு மேல் தரவில்லை. பைப் பெரிது, தொட்டி சின்னது! இரண்டு பக்கமும் என்.வி.எம்.இ. டிஸ்க் போட்டதும் 500 ஜி.பி. பத்து நிமிஷத்துக்குள் இடம் மாறியது.

"மாமா, இது என்னன்னு தெரியுதா?" என்று பரணிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் காட்டினான். ஒரு முனையில் அத்தான் கையெழுத்தில் துண்டுச் சீட்டு: 'கிராஸ், நேர் அல்ல.' பழைய லேப்டாப் ஒன்றில் மாட்டிப் பார்த்தோம். பச்சை விளக்கு எரிந்தது.