கப்பலில் வந்த கடலையும் காந்திஜி உண்ட வெண்ணெயும்

எங்கள் ஊரான உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. இங்கே பெட்டிக்கடையில் "கப்பலண்டி" என்று கேட்டால் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் கிடைக்கும். களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் அதே பொட்டலம் நிலக்கடலை ஆகிவிடும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் போனால் மல்லாட்டை. அது மணிலாக்கொட்டை என்பதன் மருவு.

நம் அங்கத்தினர்கள் பல ஊர்களிலும் பல தேசங்களிலும் இருக்கிறீர்கள். உங்களில் அநேகர் வீட்டுக் காலைச் சிற்றுண்டி மேஜையில் இப்போது 'பீநட் பட்டர்' பாட்டில் ஒன்று உட்கார்ந்திருக்கும். "இதெல்லாம் அமெரிக்காக்காரன் ஆகாரம், நமக்கெதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பதும், "ஆரோக்கியமானது தாத்தா" என்று குழந்தைகள் பதில் சொல்வதும் பல அகங்களில் நடப்பதுதான். இந்த வாதத்தில் இரு தரப்புக்கும் தெரியாத ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நம் தேசத்துப் பெரியவர் ஒருவரின் பிராணனே ஊசலாடியது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பெயர் சொல்லும் கதை

'கப்பலண்டி' என்ற பெயரே இது கப்பலில் வந்த கொட்டை என்று சொல்லிவிடுகிறது. மணிலாக்கொட்டை என்ற பெயர், பிலிப்பைன்ஸ் தலைநகரை நினைவூட்டுகிறது. வேர்க்கடலையின் ஜன்மபூமி தென் அமெரிக்கா. பெரு நாட்டில் ஸிப்பான் என்ற இடத்தில் 1987-ல் தோண்டியெடுத்த பழைய அரச சமாதியில், தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த வேர்க்கடலை மணிகள் கோத்த மாலை கிடைத்தது. ராஜாவின் கழுத்தில் தொங்கும் கௌரவம் அந்த நாட்டில் அதற்கு இருந்தது! ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் கடல் கடந்து கொண்டுபோனதால் அது உலகம் சுற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காட்டுப் பக்கம் விளைந்த கடலை, பாண்டிச்சேரி வழியாகப் பிரான்ஸின் மார்ஸேய் துறைமுகத்துக்கு எண்ணெய்க்காகவும் சோப்புக்காகவும் கப்பலேறியது. கப்பலில் வந்தது கப்பலிலேயே போயிற்று.

முந்திரிக்கும் இதே கதை. போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் பிரேஸிலிலிருந்து கொண்டுவந்தது என்பதால் மலையாளத்தில் அதற்குப் பறங்கியண்டி என்றும் பெயர் உண்டு. எங்கள் பக்கத்து மரச்சீனிக் கிழங்கும் அந்த தேசத்துச் சரக்குதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஊக்குவித்துப் பரப்பினார். இன்று மரச்சீனியை அந்நியம் என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் அகத்தில் சிராத்தத் தளிகையில் வேர்க்கடலைக்கு இடம் கிடையாது. அது பின்னால் வந்த சரக்கு என்பது சம்பிரதாயத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் மற்ற நாட்களில் சுண்டல், உருண்டை, சாதத்தில் தாளிப்பது என்று அது சமையலறைக்குள் சகஜமாக வந்துவிட்டது. வெண்ணெயாக வருவதுதான் புதுசு.

மெல்ல முடியாதவர்களுக்காக

கடலையை அரைத்து விழுதாக்குவது பிரமாத வித்தை அல்ல. எள்ளை வெல்லத்தோடு உரலில் இடிக்கும்போது எண்ணெய் கசிந்து உருண்டை தானே பிடிபடும் என்பது நம் மாமிகளுக்குத் தெரியாததா? ஆனால் அதை ஒரு தனி ஆகாரமாகக் காகிதத்தில் பதிவு செய்தவர்கள் மேல்நாட்டார். கனடாவில் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த மார்ஸெல்லஸ் எட்ஸன் 1884-ல் வறுத்த கடலையை அரைத்த விழுதுக்குக் காப்புரிமை பெற்றார். 1895-ல் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் வேறொரு முறைக்கு விண்ணப்பித்தார். இவர் அமெரிக்காவில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் பெரிய ஆரோக்கிய நிலையம் நடத்தியவர். மாமிசம் கூடாது என்ற கொள்கையுடையவர். மாமிசத்தை விட்ட நோயாளிகளுக்கும், பல் இல்லாமல் மெல்ல முடியாதவர்களுக்கும் புஷ்டி தர அவர் தேடிய வழிகளில் இது ஒன்று. ஆக, பிறந்தபோதே இது சைவ ஆகாரம், அதுவும் பத்திய ஆகாரம். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுவது சரியல்ல. அவர் 1916-ல் கடலையைச் சமைக்க நூற்றைந்து வழிகள் சொல்லிப் புத்தகம் போட்டவர். வெண்ணெய் அதற்கு முன்பே வந்துவிட்டது.

வைத்தியசாலையிலிருந்து கடைக்கு வந்ததும் குணம் மாறியது. அரைத்த விழுதில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். அது பிரியாமலிருக்க, 1920-களில் ஜோஸப் ரோஸ்ஃபீல்ட் என்பவர் எண்ணெயை வனஸ்பதி மாதிரி இறுக வைக்கும் முறையைப் புகுத்தினார். பாட்டில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது, வியாபாரம் பெருகியது. கூடவே கடலையின் பங்கு குறையத் தொடங்கியது. 1959-ல் அமெரிக்க அரசு, பாட்டிலுக்குள் கடலை எத்தனை சதவீதம் இருக்கவேண்டும் என்று விதி செய்ய முற்பட்டபோது, கம்பெனிகள் வக்கீல்களை வைத்துப் பன்னிரண்டு வருஷம் இழுத்தடித்தன. எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ரூத் டெஸ்மாண்ட் என்ற இல்லத்தரசி. விசாரணைக்கு விடாமல் ஆஜராகி வாதாடினார். கடைசியில் 1971-ல், நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது கடலை இருந்தே ஆகவேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. சமையலறையில் நிற்பவருக்குத்தான் கலப்படத்தின் அருமை தெரியும்!

நடியாத்தில் நடந்தது

என் பேத்தி ஒருத்தி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷமாகப் பால், தயிர், நெய் மூன்றையும் விட்டுவிட்டாள். பசுக்களைப் படுத்தும் பாடு அவளுக்குப் பொறுக்கவில்லை. "பாலுக்குப் பதிலாகத்தான் கடலை வெண்ணெய் சாப்பிடுகிறேனே" என்கிறாள். அவள் மனசை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதே காரணத்துக்காக, இதே பரீக்ஷையை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் செய்து பார்த்துவிட்டார் என்பதை அவளுக்குச் சொன்னேன். அவர் காந்திஜி.

தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில், தமிழ் சத்தியாக்கிரகிகள் பலரோடு வாழ்ந்த காலத்தில், 1912-ல் காந்திஜி பாலை விட்டார். பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்பதே அவரது ஆகாரமாயிற்று. கறவை மாடுகளிடம் கடைசிச் சொட்டுவரை கறக்க இந்தியாவில் சிலர் செய்யும் 'பூக்கா' என்ற கொடுமையைக் கேட்டபின், பால் அருந்துவதில்லை என்ற விரதம் இன்னும் உறுதிப்பட்டது.

1918-ல் குஜராத்தில் கேடா மாவட்டத்தில் கிராமம் கிராமமாக நடந்து, யுத்தத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்நாட்களில் அவரது முக்கிய ஆகாரம் வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சம்பழமும்தான். இதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அளவு மீறினால் தீங்கு என்று தெரிந்தும் மீறியதாக ஒப்புக்கொள்கிறார். முதலில் லேசான சீதபேதி. பிறகு ஒரு பண்டிகை நாள். கஸ்தூரிபா, நெய்க்குப் பதில் எண்ணெய் விட்டுக் கோதுமையில் இனிப்புக் கஞ்சியும், ஒரு கிண்ணம் பயறும் செய்து வைத்திருந்தார். காந்திஜி வயிறு நிறையச் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பேதி கடுமையாகிவிட்டது. அப்படியே ரயிலேறி நடியாத் போய்ச் சேர்ந்தார். ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை. மருந்து வேண்டாம் என்றார், ஊசி வேண்டாம் என்றார், பால் கூடவே கூடாது என்றார். முடிவு வந்துவிட்டது என்று அவரே நினைத்த இரவும் உண்டு.

மாதங்கள் கழிந்தும் தேகம் தேறவில்லை. பம்பாயில் டாக்டர் தலால், பால் அருந்தாமல் உடம்பைத் தேற்ற முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னார். விரதத்தைச் சொல்லிக் காந்திஜி மறுத்தார். விரதம் எடுத்தபோது பசுவும் எருமையும்தானே மனசில் இருந்தன, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூரிபா கேட்டார். காந்திஜி இணங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் போராட உயிரோடு இருக்கவேண்டும் என்ற ஆசையே தம்மை இணங்க வைத்தது என்றும், விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரை விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் போகவில்லை என்றும் எழுதினார். காந்திஜியோடு ஆட்டுப்பாலைச் சேர்த்துப் பேசுகிறோம். அதற்கு முன்னால் இருந்த கடலை வெண்ணெயை மறந்துவிட்டோம்.

எங்கள் தாலுகாவின் தொடர்பு

1937 ஜனவரியில், ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பின், காந்திஜி திருவிதாங்கூரில் சுற்றுப்பயணம் செய்தபோது, வெங்ஙானூருக்கு வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். அவருடைய சீடர் ஜி. ராமச்சந்திரன் நெய்யாற்றின்கரைக்காரர். சபர்மதி ஆசிரமத்தில் பயின்றவர். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி டாக்டர் சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்து, பின் வைத்தியம் படித்தவர். இவ்விருவரும் 1940-ல் மணந்து, 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். கிராமத்தில் விளைவதைக் கிராமத்திலேயே பக்குவம் செய்து உண்ணவேண்டும் என்ற கொள்கை அங்கே செயலாயிற்று.

விஞ்ஞானிகளும் கடலையைக் கைவிடவில்லை. 1950-ல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தில், அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்ரமணியன் காலத்தில், எண்ணெய் எடுத்த கடலை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் சேர்த்து, சத்துணவு மாவு ஒன்றை உருவாக்கினார்கள். அதில் தனியாக வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கடலை மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எது உண்டு, எது இல்லை

ஒரு மேஜைக் கரண்டி கடலை வெண்ணெய் சுமார் 16 கிராம். அதில் புரதம் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கொழுப்பு 8 கிராம், சக்தி 95 கலோரி. கொழுப்பில் பெரும்பகுதி நல்ல வகை. நான்கு மணிப் பசிக்கு வடையும் பஜ்ஜியும் தின்பதைவிட நிச்சயம் மேல்.

ஆனால் ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் இருந்தால், அந்தக் கரண்டி வெண்ணெயில் பத்து மில்லிகிராம் அளவே. பி12 வைட்டமினோ அடியோடு இல்லை. அந்த வைட்டமினைப் பிரித்தெடுத்ததே 1948-ல்தான், காந்திஜி மறைந்த வருஷம். முட்டையும் மாமிசமும் சாப்பிடாத நமக்கு அது இயற்கையாகக் கிடைப்பது பாலிலும் தயிரிலும்தான். அதையும் விடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் யோசனைப்படி மாத்திரை எடுத்தே ஆகவேண்டும். பேத்திக்கு இதைச் சொன்னபோது, "காந்திக்கு ஆட்டுப்பால், எனக்கு மாத்திரையா?" என்று சிரித்தாள். பரிசோதனைக்குப் போய்வந்தாள். அளவு குறைவாகவே இருந்தது. இப்போது விரதமும் நடக்கிறது, மாத்திரையும் நடக்கிறது.

செய்முறை

கால் கிலோ பச்சை வேர்க்கடலையை முதலில் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது ஒன்றுகூடக் கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று மடிந்தன. அஃப்ளடாக்ஸின் என்ற விஷம் அப்படித்தான் தெரியவந்தது. வறுத்தாலும் அது முழுக்கப் போகாது.

பொறுக்கியதை வெறும் வாணலியில் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வறுத்து, ஆறவிட்டு, தேய்த்துத் தோல் நீக்கிப் புடைத்துவிடுங்கள். ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் விட்டுவிட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு கட்டியாக ஓரத்தில் ஒட்டும். வழித்துவிட்டு, மிக்ஸி சூடேறாமல் நடுநடுவே நிறுத்தி மீண்டும் அரைத்தால், எண்ணெய் விட்டுக்கொண்டு தளதளவென்று இளகும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, கெட்டுப்போகும். கால் ஸ்பூன் உப்பு, வேண்டுமானால் கொஞ்சம் வெல்லப்பொடி. பாட்டிலில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். மேலே எண்ணெய் நின்றால் கலக்கிக்கொள்ளுங்கள். வறுத்த முந்திரியிலும் இப்படியே செய்யலாம்.

சப்பாத்தியில் தடவலாம், எங்கள் பக்கத்து ஏத்தன்பழத்துண்டோடு தொட்டுக்கொள்ளலாம். பல் போன பெரியவர்களுக்கு வெந்நீரில் இளக்கிக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். கெல்லாக் நினைத்ததும் அதுதானே. வேர்க்கடலை சிலருக்கு ஒவ்வாமல் உயிருக்கே ஆபத்தாகும். அப்படிப்பட்டவர் அகத்தில் இருந்தால் இதன் பக்கமே போகவேண்டாம்.

கப்பலில் வந்ததா, நம்முடையதா என்ற சண்டை அவசியமில்லை. நம் கையால் பொறுக்கி, வறுத்து, அரைத்தால் அது நம் அகத்துப் பண்டம்தான். நாளுக்கு ஒரு கரண்டி, மிஞ்சினால் இரண்டு. தயிர் சாதத்தை அது விரட்டவேண்டாம், பக்கத்தில் இருக்கட்டும்.