பாஸ்டன் குடும்பமும் அதன் நிலங்களும்

பாஸ்டன் குடும்பம் கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்தது. 1419 இல் இறந்த கிளெமென்ட் பாஸ்டன் ஏறத்தாழ நூறு ஏக்கர் உழுத எளிய விவசாயி. சேணமில்லாக் குதிரையில் தானிய மூட்டையோடு மாவு ஆலைக்குப் போனவர் என்று எதிரிகள் எழுதிய ஏளனக் குறிப்பு ஒன்று உள்ளது. கடன் வாங்கி மகனைப் படிக்க வைத்தவர் என்றும் அதுவே சொல்கிறது. ஏளனமாக எழுதியதுதான், படிப்பவருக்கு அவர் மேல் மதிப்பே கூடுகிறது.

மகன் வில்லியம் சட்டம் பயின்று 1429 இல் நீதிபதியானார். சம்பாதித்ததை மேனர்களில் போட்டார். மேனர் என்பது வயல் மட்டுமன்று. குடியானவர் தரும் குத்தகை, அவர்களின் உழைப்பு, ஊர் நீதிமன்ற வருவாய் எல்லாம் சேர்ந்த உரிமை.

அவர் 1427 இல் வாங்கிய கிரெஷாம் மேனரை, அவர் இறந்தபின் 1448 இல் மோலின்ஸ் பிரபு பறித்துக்கொண்டார். பத்திரம் இருந்தும் பயனில்லை. வில்லியத்தின் மருமகள் மார்கரெட் அவ்வூரிலேயே ஒரு வீட்டில் தங்கி உரிமையை நிலைநாட்டினார். லண்டனிலிருந்த கணவர் ஜானிடம் கடிதத்தில் குறுக்குவிற்கள் கேட்கிறார். கூடவே பாதாமும் சர்க்கரையும்! 1450 இல் மோலின்ஸின் ஆட்கள் வீட்டை இடித்து அவரை வெளியேற்றினர். மறு ஆண்டு மேனர் மீண்டது.

பாஸ்டோல்ஃப் என்னும் படைத்தலைவரின் உயிலால் கிடைத்த கெய்ஸ்டர் கோட்டையை 1469 இல் நார்ஃபோக் கோமகன் முற்றுகையிட்டுப் பிடித்தார். அவர் இறந்த 1476 இல்தான் அது திரும்பியது.

வழக்குகளுக்குச் சான்றாகுமென்று இக்குடும்பம் கடிதங்களைப் பத்திரப்படுத்தியது. பிற்காலத்தில் யார்மவுத் பிரபுக்களாக உயர்ந்த இவர்களின் நேர்வழி, கடன் சுமையுடன் 1732 இல் முடிந்தது. கடிதங்களில் பெரும்பகுதி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. பாஸ்டன் ஊரில் 1581 இல் இவர்கள் கட்டிய தானியக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது.