சிவகாசியில் குடியேறிய இரும்புக்கை மாயாவி: முத்து, லயன் காமிக்ஸ் வரலாறு

சிவகாசி என்றதும் நினைவுக்கு வருபவை மூன்று: பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம். இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அது காமிக்ஸ். இங்கிலாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் சித்திரக்கதை நாயகர்கள் கரிசல் காட்டு நகரமான சிவகாசிக்கு வந்து, தமிழ் கற்றுக்கொண்டு, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கேயே தங்கிவிட்டார்கள். 1972ஆம் ஆண்டு ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. 1984ஆம் ஆண்டு ஜூலையில் அதன் இளவலாக லயன் காமிக்ஸ் பிறந்தது. இவ்விரண்டு இதழ்களின் வரலாற்றையும், அவை சிவகாசியில் தோன்றக் காரணமான சூழலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தீப்பெட்டியில் தொடங்கிய அச்சுத்தொழில்

சிவகாசி வட்டாரம் மழை குறைந்த கரிசல் பூமி. வானம் பார்த்த விவசாயத்தை மட்டும் நம்பி வாழ முடியாத நிலையில், சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றனர். அவர்கள் திரும்பி வந்ததும் 1923 முதல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. விவசாயத்துக்குப் பகையாக இருந்த வறண்ட காற்று இத்தொழிலுக்கு நண்பனானது. மருந்தில் தோய்த்த குச்சிகள் அங்கே விரைவில் காய்ந்தன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசுகளின் வரவு குறைந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் நடைமுறைக்கு வந்து, உரிமம் பெற்ற தொழிற்சாலைகள் அமைய வழி ஏற்பட்டது. இதன் பிறகு பட்டாசுத் தொழில் வேகமாக வளர்ந்தது.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. அதுதான் லேபிள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் தமக்குப் பிடித்த தீப்பெட்டியைப் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்கினர். மயில், அணில், கோழி, சாமி படம் எனப் பளிச்சென்ற வண்ணத்தில் சிறு படங்கள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டன. வெளியூரில் அச்சடித்து வாங்குவதைவிட உள்ளூரிலேயே அச்சடிப்பது லாபமாக இருந்தது. இப்படித்தான் அச்சகங்கள் பெருகின. லேபிளுக்குப் பிறகு நாட்காட்டி, டைரி, நோட்டுப் புத்தகம், சுவரொட்டி, அழைப்பிதழ் என்று தொழில் விரிந்தது. ஆடிப் பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது இன்றும் சிவகாசி அச்சகங்களின் வழக்கம்.

ஆப்செட் அச்சும் படக்கதையும்

படக்கதைகளுக்குச் சிவகாசி பொருத்தமான இடமாக இருந்ததற்கு அறிவியல் காரணமும் உண்டு. ஆப்செட் முறையில் எண்ணெய்ப் பசையுள்ள மையும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காது என்ற எளிய உண்மையே அடிப்படை. அச்சுத் தகட்டில் படம் உள்ள பகுதி மையை ஏற்கும். மற்ற பகுதி தண்ணீரை ஏற்று மையை விலக்கும். தகட்டிலிருந்து படம் முதலில் ரப்பர் விரிப்புக்கும், அதிலிருந்து காகிதத்துக்கும் மாறும். இதனால் மெல்லிய கோடுகள்கூடத் தெளிவாக விழும்.

வண்ண அச்சில் ஒரே காகிதத்தின் மீது ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக அச்சாகிறது. காகிதம் ஈரத்தை உறிஞ்சினால் விரியும். அப்போது ஒரு நிறம் மற்றொரு நிறத்தோடு பொருந்தாமல் விலகிவிடும். வறண்ட காற்றில் இந்தத் தொல்லை குறைவு. தீக்குச்சியைக் காய வைத்த அதே காற்று, மாயாவியின் இரும்புக்கையைக் கோடு பிசகாமல் காகிதத்தில் பதியவும் உதவியது.

முத்து காமிக்ஸின் தோற்றம்

தமிழ்ச் சிறுவர் இதழ்களுக்கு நீண்ட மரபு உண்டு. 'அம்புலிமாமா' 1947இல் தொடங்கியது. மும்பையிலிருந்து 1964 முதல் இந்திரஜால் காமிக்ஸ் வெளிவந்தது. ஆயினும் ஒரு நீண்ட துப்பறியும் கதையை முழுவதும் படங்களாலேயே சொல்லும் புத்தகத்தைத் தமிழ்நாட்டிலேயே தயாரித்து, தொடர்ந்து வெளியிடுவது புதிய முயற்சியாக இருந்தது. சிவகாசியைச் சேர்ந்த சௌந்திரபாண்டியன் இம்முயற்சியில் இறங்கினார். இங்கிலாந்தின் ஃப்ளீட்வே நிறுவனத்தின் படக்கதைகளுக்கு உரிமை பெற்று முத்து காமிக்ஸை அவர் தொடங்கினார். ஓவியரும் சிறுவர் இலக்கிய ஆர்வலருமான முல்லை தங்கராசன் தொடக்க கால ஆசிரியராகப் பணியாற்றினார்.

சிவகாசி அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985இல்தான் காமராஜர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. பின்னாளில் அது விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது சிற்றூர்களிலும் பள்ளிகள் திறக்கப்பட்டன. மதிய உணவும் வழங்கப்பட்டது. அந்தப் பள்ளிகளில் எழுத்தறிந்த தலைமுறையே 1972இல் முத்து காமிக்ஸைக் கையில் எடுத்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பலருக்குப் பாடப் புத்தகத்துக்கு வெளியே கிடைத்த முதல் வாசிப்பு இத்தகைய இதழ்களே.

யார் அந்த மாயாவி?

இரும்புக்கை மாயாவியின் உண்மைப் பெயர் லூயிஸ் கிராண்டேல். இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962 அக்டோபரில் தோன்றிய பாத்திரம் அது. கதையை எழுதியவர் கென் புல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் பிறந்த ஹெசுஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளரான கிராண்டேலுக்கு வலது கை இல்லை. அதற்குப் பதிலாக இரும்புக்கை பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு விபத்தில் அதிக அழுத்த மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறைந்துவிடுகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. முதலில் தவறான வழியில் செல்லும் அவர், பிறகு திருந்தி ரகசிய உளவுப் படையில் சேருகிறார்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: மின்சாரம் பாய்ந்தால் யாரும் மறைந்துவிட மாட்டார்கள்; உயிருக்கே ஆபத்து. மேலும் ஒளி முழுவதும் உடலை ஊடுருவிச் சென்றால், கண்ணின் விழித்திரையில் ஒளி தங்காது. ஆகவே உண்மையில் ஒரு மாயாவி இருந்தால் அவருக்குக் கண் தெரியாது! கதையில் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் ரசித்ததுதான் அதன் இனிமை.

பெயர் சூட்டும் கலை

இவ்விதழ்களின் வெற்றியில் மொழிபெயர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. மூலத்தில் 'எஃகு நகம்' என்ற பொருளில் இருந்த தலைப்பு தமிழில் 'இரும்புக்கை மாயாவி' ஆனது. விக்ரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் முகமூடி வீரர் 'வேதாளர்' ஆனார். அதே வீரரை ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்று அழைத்தது. இதனால் தமிழில் இரண்டு மாயாவிகள் உலவினர். கலீபாவின் பதவிக்கு ஆசைப்பட்டு ஒவ்வொரு முறையும் மூக்குடைபடும் பிரெஞ்சு நகைச்சுவைப் பாத்திரம் 'மதியில்லா மந்திரி' என்ற பெயரில் வந்து சிரிக்க வைத்தது. கௌபாய் வீரரான புளூபெர்ரி 'கேப்டன் டைகர்' ஆனார்.

மொழிபெயர்ப்பில் இடநெருக்கடியும் உண்டு. ஆங்கில வசனத்தின் அளவுக்கு வரைந்த பேச்சுக் குமிழுக்குள் நீளமான தமிழ்ச் சொற்களை அடக்க வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கினால் சிறுவர்களால் படிக்க முடியாது. ஆகவே பொருள் கெடாமல் வசனத்தைச் சுருக்க வேண்டும். கதையின் வேகத்துக்கு இந்தச் சுருக்கமும் துணை செய்தது.

லயன் காமிக்ஸ்

சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதின்ம வயதிலேயே பதிப்புத் துறைக்கு வந்தார். 1984 ஜூலையில் அவர் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் இதழ், மாடஸ்டி பிளைசி என்ற சாகசப் பெண்ணை நாயகியாகக் கொண்ட 'கத்தி முனையில் மாடஸ்டி'. ஆண் வீரர்களே நிறைந்திருந்த உலகில் ஒரு பெண்ணை முன்னிறுத்தித் தொடங்கியது துணிச்சலான செயல். பரவலான வரவேற்பைத் தேடித் தந்தவன் அடுத்து வந்த ஸ்பைடர். குற்ற உலகின் சக்கரவர்த்தியாக விரும்பும் வில்லனே இங்கே கதாநாயகன். மூலத்தில் ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்தவரின் இன்னொரு படைப்பைச் சிவகாசியில் அச்சான தாளில்தான் தமிழ்ச் சிறுவர்கள் படித்தனர். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

வரலாற்றின் வேடிக்கை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் 'லயன்' என்ற பெயரில் ஒரு வார இதழ் இருந்தது. ஸ்பைடர் பிறந்தது அதில்தான். அந்த இதழ் 1974இல் நின்றுபோனது. மாயாவி பிறந்த 'வேலியண்ட்' 1976இல் நின்றது. தாய்நாட்டில் இதழ்கள் மூடப்பட்ட பிறகும் அந்த நாயகர்கள் தமிழ்நாட்டில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தனர்.

அதன்பின் இத்தாலியின் டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்தின் லக்கி லூக் எனப் புதிய நாயகர்கள் வந்தனர். திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று கிளை இதழ்களும் தோன்றின. பட்டாசு நகரத்துக்கு ஏற்றபடி தீபாவளி மலரும், பள்ளி விடுமுறைக்கு ஏற்றபடி கோடை மலரும் வெளிவந்தன.

நகரத்தின் மறுபக்கம்

குழந்தைகளுக்கான புத்தகங்கள் அச்சான காலத்தில், இதே வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் தீப்பெட்டித் தொழிலில் வேலை செய்தனர் என்பதையும் மறைக்கக் கூடாது. விடிவதற்கு முன்பே அவர்களை அழைத்துச் செல்லப் பேருந்துகள் கிராமங்களுக்கு வந்தன. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை அளித்தது. சட்டத்தை மீறிக் குழந்தைகளை வேலைக்கு வைத்தவர், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. ஒரு காமிக்ஸைப் படித்து மகிழ்வதற்குக் காசு மட்டும் போதாது. படிப்பறிவும் ஓய்வு நேரமும் வேண்டும். அந்த இரண்டும் இந்த வட்டாரத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்க்கப் பல காலம் பிடித்தது.

தேய்வும் மீட்சியும்

1990களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தது. சிறுவர்களின் மாலை நேரம் அதன் வசமானது. பல இதழ்கள் நின்றன. 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸும் 2005இல் நிறுத்தப்பட்டது. லயனும் முத்துவும் முற்றாக நிற்கவில்லை என்றாலும், இதழ்கள் வெளிவரும் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

இந்நிலையில் பழைய வாசகர்கள் இணையத்தில் ஒன்றுகூடினர். சிறுவயதில் படித்த கதைகளைப் பற்றி வலைப்பூக்களில் எழுதினர். பழைய புத்தகக் கடைகளில் அரிய இதழ்களைத் தேடினர். மறுபதிப்பு வேண்டும் என்று கேட்டனர். 2010இல் 'இரத்தப் படலம்' என்ற நெடுங்கதையின் பதினெட்டுப் பாகங்களும் ஒரே கருப்பு வெள்ளைத் தொகுப்பாக வெளிவந்தன. நினைவை இழந்த ஒரு மனிதன் தான் யார் என்று தேடும் கதை அது. தமிழ் வாசகர்களின் முதல் அறிமுகத்துக்கும் கதையின் முடிவுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஓடியிருந்தன.

2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' வெளிவந்தது. அதன்பின் முறை மாறியது. மலிவுத் தாளில் பெரும் எண்ணிக்கையில் அச்சடிப்பதற்குப் பதிலாக, நல்ல தாளில் முழு வண்ணத்தில் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டனர். வாசகர்கள் ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே செலுத்தினர். சென்னைப் புத்தகக் காட்சியிலும் ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் வாசகர் சந்திப்புகள் நடந்தன. 2015இல் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' ஒரே பெருந்தொகுப்பாக வந்தது. 2022இல் முத்து காமிக்ஸ் பொன்விழாக் கண்டது.

நிறைவாக

கல்கத்தாவுக்குச் சென்ற இருவர் தீப்பெட்டித் தொழிலோடு திரும்பினர். தீப்பெட்டி லேபிளைக் கேட்டது. லேபிள் அச்சகத்தைக் கொண்டுவந்தது. அச்சகம் காமிக்ஸுக்கு இடம் கொடுத்தது. ஐம்பது ஆண்டுகளில் நடந்த இந்தத் தொடர்ச்சியை யாரும் திட்டமிடவில்லை.

இன்று இவ்விதழ்களின் வாசகர்களில் பெரும்பாலோர் நடுவயதினர். விலையும் சிறுவர்களின் கைக்காசுக்கு எட்டுவதாக இல்லை. தந்தையர் வாங்கிவரும் புத்தகத்தைப் பிள்ளைகளும் எடுத்துப் படித்தால்தான் அடுத்த ஐம்பது ஆண்டுகள் உறுதியாகும். இரும்புக்கையை மட்டும் அந்தரத்தில் பார்த்து ஒரு காலத்தில் வியந்த தந்தை, இன்று தன் மகளுக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினால், அதிலிருந்தே அவளுடைய வாசிப்பும் தொடங்கலாம்.