நாய்க் காப்பகத் தொழில்: மேட்டுப்பாளையம், நீலகிரி வட்டாரம்

நாய்க் காப்பகம் என்பது, உரிமையாளர் வேலைக்கோ வெளியூருக்கோ செல்லும்போது அவருடைய நாயைக் கட்டணம் பெற்றுக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இடம். பகலில் மட்டும் வைத்துக்கொள்வதும் உண்டு, இரவு தங்கவைப்பதும் உண்டு. கோயம்புத்தூர் வட்டாரத்தில் இது புதிய தொழில். ஆனால் நாயைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே உள்ள மலையில் ஆங்கிலேயர் காலத்திலேயே இருந்தது.

கொங்கு நாட்டில் நாய் காவலுக்கானது. தோட்டத்துச் சாளையிலும் ஆட்டுப்பட்டியிலும் கிடக்கும். வீட்டில் மிஞ்சிய சோறு அதற்குப் போதும். வீட்டில் எப்போதும் யாராவது இருந்ததால் நாய்க்கென்று தனி ஆள் தேவைப்படவில்லை. ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்களில் நிலைமை வேறு. சமையல்காரர், குதிரைக்காரர் வரிசையில் நாயைக் கவனிக்கவும் ஒருவர் இருந்தார். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, நாய் பராமரிப்பவரைக் குறிக்கும் ‘டோரியா’ என்ற சொல்லைப் பதிவு செய்துள்ளது. கயிறு என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து அது வந்தது. ஊட்டியில் 19ஆம் நூற்றாண்டிலேயே வேட்டை நாய்க் கூட்டங்கள் வளர்க்கப்பட்டன. இங்கிலாந்தில் நரியைத் துரத்தும் இனத்தைக் கொண்டு இங்கே குள்ளநரி வேட்டை நடந்தது. கொட்டில், இறைச்சி, ஆட்கூலி எல்லாம் செலவுதான். வருமானம் எதுவும் இல்லை.

பிறர் நாயை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைப்பதற்குப் பெரிய தடை வெறிநாய்க்கடி. 1902இல் லில்லி பேக்கன்ஹாம்-வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அப்போது இந்தியாவில் சிகிச்சை நிலையம் இமயமலை அடுக்கில் உள்ள கசௌலியில்தான் இருந்தது. தெற்கிலிருந்து அங்கு போய்ச் சேரவே பல நாட்கள் ஆகும். இந்த இறப்புக்குப் பிறகு தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கத் தொழிலதிபரின் நன்கொடை உதவியுடன் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது.

மேட்டுப்பாளையத்துக்கு 1873இல் ரயில் வந்திருந்தது. குன்னூர் வரை மலை ரயில் 1899இல் ஓடத் தொடங்கியது. எனவே சமவெளியிலிருந்து ரயிலில் வந்த நாய்க்கடி நோயாளிகள் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலுக்கு மாற வேண்டியிருந்தது. பிற்காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பூசி பரவலானது. ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ என்று பெரியவர்கள் இன்றும் சொல்லிப் பயமுறுத்துவது அதைத்தான். இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004 இறுதியில் நின்று, திசு வளர்ப்புத் தடுப்பூசிகள் அதன் இடத்தைப் பிடித்தன. நாய்களுக்கான வருடாந்தரத் தடுப்பூசியும் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே, முன்பின் அறியாதவரின் நாயை ஏற்றுக்கொள்வது ஒரு தொழிலாக முடிந்தது. இன்றும் தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் நாயைச் சேர்க்கும் காப்பகம் மற்ற நாய்களையும் பணியாளரையும் ஆபத்தில் வைக்கிறது.

வருமானம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கட்டணத்தைப் பெருக்கிக் காட்டுவார்கள். காலியாக இருக்கும் இடங்களைக் கழிப்பதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு ரூ.400, மாதம் 26 நாட்கள் என்றால் ரூ.10,400. இரண்டு பணியாளருக்கு ரூ.30,000, வாடகை ரூ.12,000, தண்ணீர், மின்சாரம், கிருமிநாசினி ரூ.8,000 எனச் செலவு ரூ.50,000. தினமும் 4 நாய்கள் வந்தால் ரூ.8,400 நட்டம். 5 வந்தால் ரூ.2,000 மிச்சம். 8 வந்தால் ரூ.33,200. முதல் ஐந்து நாய்கள் ஏறக்குறைய முழுவதும் செலவுக்கே போய்விடுகின்றன. ஆறாவது நாயிலிருந்துதான் உரிமையாளருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான வருமானம். இதில் அவருடைய சொந்த உழைப்புக்குக் கூலி சேர்க்கப்படவில்லை. பார்வோ நோய் புகுந்து பத்து நாள் கதவை மூடினால் அந்த மாத லாபம் போய்விடும். மேலும் வேலையாட்களை விருப்பம்போலக் குறைக்க முடியாது. இங்கிலாந்தில் 2018 முதல் பகல் காப்பகத்துக்கு உரிமம் கட்டாயம். பத்து நாய்களுக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்று அங்குள்ள வழிகாட்டுதல் கூறுகிறது. இந்தியாவில் 2017இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் ‘வளர்ப்பாளர்’ என்ற சொல்லுக்குள் தங்கல் காப்பகம் நடத்துபவரையும் சேர்த்துள்ளன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும்.

பகல் காப்பகத்துக்கு நாள்தோறும் வரும் வாடிக்கையாளர் வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீடுகள் கோயம்புத்தூரில் அதிகம். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிகளும் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். முற்றமும் பெரியவர்களும் உள்ள வீட்டில் நாயைக் காசு கொடுத்து விட்டுவர அவசியம் குறைவு. இந்த ஊருக்குப் பொருத்தமானது இரவு தங்கவைக்கும் காப்பகமே. ஊட்டிக்குப் போகும் குடும்பம் நாயை அடிவாரத்தில் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்ப அழைத்துச் செல்லலாம். ஆனால் அந்தக் கூட்டம் ஏப்ரல், மே மாதங்களிலும் தொடர் விடுமுறைகளிலும்தான் வரும். வாடகை பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும்.