கரியும் உப்பும்: வேட்டைத் துப்பாக்கித் தூய்மையின் வரலாறு

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வேட்டைத் துப்பாக்கியைத் துலக்குவது வேட்டையாடிய அன்றே செய்து முடிக்க வேண்டிய கடமையாகக் கருதப்பட்டது. வெடியுப்பு 75, கரித்தூள் 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் கலந்த கருமருந்து எரியும்போது, அதன் எடையில் ஏறத்தாழ பாதி திண்மப் பொருளாகவே எஞ்சுகிறது. காற்றின் ஈரத்தை ஈர்க்கும் பொட்டாசிய உப்புகள் நிறைந்த அந்தக் கசடு, குழலின் உட்சுவரில் படிந்து இரும்பை விரைவில் அரிக்கத் தொடங்குகிறது.

இவ்வுப்புகளை எண்ணெய் கரைக்காது, தண்ணீரே கரைக்கும் என்பதால், குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அடிப்பகுதியை வாளி நீரில் அமிழ்த்தி, நார் சுற்றிய கோலை வாய்வழியே செலுத்தி மேலும் கீழும் இழுத்தனர். கேப்பு எனப்படும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியைப் பொருத்தும் இடத்தின் சிறுதுளை வழியே உள்ளேறிய நீர், முதலில் கறுத்தும் பின்னர் தெளிந்தும் வெளியேறியது. இறுதியாக ஊற்றிய வெந்நீர் குழலைச் சூடாக்கி, எஞ்சிய ஈரம் தானே உலர உதவியது. அதன் பிறகே எண்ணெய் பூசப்பட்டது.

1851 லண்டன் பெருங்கண்காட்சியில் பிரெஞ்சுக்காரர் லெஃபோஷோவின் பின்புறம் திறக்கும் துப்பாக்கி இடம்பெற்றது. இவ்வகை பரவியபின், குழலை இருமுனையும் திறந்த நிலையில் ஒளியில் பிடித்துச் சோதிப்பது எளிதாயிற்று. 1860களில் பிரஷ்ய அதிகாரி ஷுல்ட்சே மரத்தைக் கொண்டு உருவாக்கிய, புகை குறைந்த மருந்து கரியைக் குறைத்தது. ஆயினும், கேப்பிலிருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகப் படிந்ததால், பார்வைக்குப் பளிச்சென்றிருந்த குழலும் துருப்பிடித்தது. 20ஆம் நூற்றாண்டில் குளோரேட் இல்லாத கேப்புகள் வழக்கிற்கு வந்தபோதுதான் இந்த இடர் நீங்கியது. வேதியியல் விளக்கம் பரவலாக அறியப்படும் முன்பே, தண்ணீருக்குப் பின்பே எண்ணெய் என்ற சரியான வரிசையைக் கண்டறிந்த கைவினைஞரின் அனுபவ அறிவு, தொழில்நுட்ப வரலாற்றில் மதிப்புக்குரியது.