தளம்–சுவர் இணைப்பில் கம்பிப் பிடிமானம்

கான்கிரீட் தளத்தின் கம்பி, இழுவிசைக்கு வழுக்காமல் சுவருக்குள் ஊன்றி நிற்பதே கம்பிப் பிடிமானம். தளமும் சுவரும் ஒன்றாக இறுகிய மூலையில் தளத்தின் மேல்முகம்தான் இழுபடும். ஆகவே அங்கே மேற்கம்பியின் பிடிமானமே முக்கியம்.

மலேசியாவில் நடப்பிலுள்ள எம்.எஸ். இ.என். 1992 விதிப்படி, சி25/30 கான்கிரீட்டில் 500 மெகாபாஸ்கல் வரிக்கம்பி முழு வலிமையோடு நிற்க, அதன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு நீளம் வேண்டும். 10 மி.மீ. கம்பிக்கு அது 400 மி.மீ. சுவரின் தடிமனோ பலவேளை 150 அல்லது 200 மி.மீ.தான். அதனால் கம்பியைச் சுவரின் வெளிமுகம்வரை கொண்டுபோய், அங்கிருந்து கீழே வளைத்து இறக்குவார்கள். சுவரின் நடுவிலேயே வளைத்துவிட்டால், மூலையில் சாய்வாக ஓடும் அழுத்தம் வளைவுக்குள் அடங்காது. நீளம் சரியாக இருந்தாலும் மூலை பிளக்கும். கான்கிரீட் ஊற்றியபின் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. கம்பி கட்டி முடிந்ததும் அளவுநாடாவோடு மூலைக்குப் போய்ப் பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது.

முன்வார்ப்புப் பலகைக் கட்டடங்களில் ஆபத்து இன்னும் பெரிது. லண்டனின் 22 மாடி ரோனன் பாயிண்டில், 1968 மே 16 அன்று 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்ததும் ஒரு மூலை முழுக்கச் சரிந்தது, நால்வர் இறந்தனர். சுவர்ப் பலகைகளையும் தளங்களையும் தொடர்ச்சியாகக் கட்டிப்பிடிக்கும் கம்பி அங்கே போதவில்லை. ரோனன் பாயிண்ட் கட்டப்பட்ட, டென்மார்க்கின் லார்சன்–நீல்சன் முன்வார்ப்பு முறையில்தான் 1960களில் கோலாலம்பூரின் ஜாலான் பெக்கெலிலிங் அடுக்குமாடிகளும் எழுந்தன. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மாடிகளுள்ள கட்டடங்களில் ஓரிடச் சேதம் பரவாதிருக்க பிரிட்டன் 1970இல் விதி கொண்டுவந்தது.

பேராக் மாநிலத்து ஆயர் தாவார் போன்ற சிற்றூர்களின் வரிசை வீடுகளில் சுவர் பெரும்பாலும் செங்கல்; தளத்தைத் தாங்குவது உத்தரமும் தூணும். அங்கே இந்த இணைப்பு தண்ணீர்த் தொட்டி, தடுப்புச் சுவர் முதலியவற்றில்தான் வரும். பின்புறச் சமையலறையை நீட்டும்போது பழைய கான்கிரீட்டில் துளையிட்டு, ரசாயனப் பசையில் கம்பியை நடுவதும் உண்டு. துளையைத் தூரிகையால் தேய்த்துக் காற்றால் ஊதாவிட்டால், பசை கான்கிரீட்டை விட்டுத் தூசியைத்தான் பிடிக்கும். செங்கல் சுவரில் இப்படிக் கம்பி நட்டுப் புதுத் தளத்தைத் தொங்கவிடுவது கூடவே கூடாது. அதற்குத் தனித் தூணும் உத்தரமும் போடவேண்டும்.